சர்க்காரில் இருந்த நெட்டச்சி

பழைய இடுகாட்டின் கம்பிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அவசரத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டுப் போயிருந்தார். பூட்டுக்காரி கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் படித்தாள். படித்து முடித்தபோது கழுத்தும் வலித்தது, மண்டையும் காய்ந்தது.

விஷயம் இதுதான். முன்னோர் ஆவணக் காப்பகத்துக்கு ஐம்பது வயது நிறைகிறது. அதைக் கொண்டாட, இடுகாடு இருக்கும் இடத்தில் முன்னோர் நினைவு மண்டபம் ஒன்று எழும்பப் போகிறது. முன்னோரைப் போற்றும் இந்தப் பணிக்கு இடைஞ்சலாக அங்கே முன்னோர்கள் புதைந்திருப்பதால் அவர்கள் அப்புறப்படுத்தப்படுவார்கள். தங்கள் முன்னோரை வேறு இடத்துக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், அவர் தங்கள் முன்னோர்தான் என்று காப்பகத்திடம் சான்று வாங்கி, அந்தச் சான்றைத் தொண்ணூறு நாளுக்குள் அதே காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நோட்டீஸில் இருந்த தேதிப்படி இருபத்தாறு நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பூட்டுக்காரிக்குப் பேருந்து நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழே கடை. ஒரு பலகை, ஒரு இடுக்கி, நாலு அரம், சுவரெல்லாம் தொங்கும் வெட்டாத சாவிகள். ஐம்பது வயதாகிறது. எந்தப் பூட்டையும் பார்த்து அவள் பயந்ததில்லை. ஆபீஸ் என்றால் மட்டும் வாசலோடு திரும்பிவிடுவாள். இருந்தாலும் அந்த இடுகாட்டின் மேற்கு மூலையில் அவளுடைய எள்ளுப்பாட்டி படுத்திருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவது அவள் குடும்பத்தின் வேலை. கல்லில் ஒரே ஒரு சொல்தான்: நெட்டச்சி.

"நெட்டச்சி யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் அம்மா, நோட்டீஸ் விவரத்தைக் கேட்டதும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. "என்னை வளர்த்தது என் பாட்டி. அவளைப் பெத்தவ நெட்டச்சி. ரெண்டு வருஷம் சர்க்கார்ல இருந்தவ. அந்தக் காலத்துல எந்தப் பொம்பளை சர்க்கார்ல இருந்தா? போய்க் கேளு. தங்கத் தட்டுல வெச்சு எடுத்துக் குடுப்பாங்க."

"சர்க்கார்ல என்ன வேலை?"

"அதெல்லாம் பாட்டி சொன்னதில்ல. சாப்பாடு, துணி, தங்க இடம், எல்லாம் சர்க்காரே குடுத்துதாம்."

பெரிய உத்தியோகம்தான் போலிருக்கிறது என்று பூட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

காப்பகத்தின் வாசலில் ஒரு காவலாளி அவளுடைய பேனா, தண்ணீர் பாட்டில், செருப்பு, கடைச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கூர் இல்லாத ஒரு பென்சில் துண்டைக் கொடுத்தார். சீவிக்கொள்ள பிளேடு கேட்டாள். பிளேடு ஆயுதம் என்றார்.

உள்ளே டோக்கன் கொடுப்பவர் முப்பத்தொரு கட்டம் போட்ட விண்ணப்பத்தை நீட்டினார். ஒன்பதாவது கட்டத்தில் 'முன்னோரின் கையொப்பம்' என்று இருந்தது.

"ஐயா, இவங்க செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சொல்லிட்டு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுறாங்க. அதனாலதான் எல்லா விண்ணப்பமும் திரும்பி வருது," என்றார் அவர், வருத்தத்தோடு. "மக்கள் கிட்ட ஒத்துழைப்பே இல்லம்மா."

பதினான்காவது கட்டம், மரபுவழிச் சான்றை இணைக்கச் சொன்னது. அந்தச் சான்றுக்காகத்தான் இந்த விண்ணப்பம். இதைச் சொன்னதும் டோக்கன்காரர் அவளைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினார்.

கண்காணிப்பாளரை அந்த ஆபீஸில் எல்லோரும் 'பரிசீலனை' என்றுதான் அழைத்தார்கள். முகத்துக்கு நேராக இல்லை. யார் எதைக் கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்பார். ஒருமுறை அவர் வீட்டில் தீப்பிடித்துவிட்டதாகப் போன் வந்தபோதும் அதைத்தான் சொன்னாராம். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவரே கேடயம் வாங்கும் போட்டோக்கள் வரிசையாக இருந்தன.

"முன்னோர் பேரு?"

"நெட்டச்சி."

"அது பேரு இல்லம்மா, அளவு."

"கல்லுல அப்படித்தான் சார் இருக்கு."

"எந்தக் காலம்?"

அவள் சொன்னாள். பரிசீலனை சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பத்தொன்பதாம் நூற்றாண்டுல பெண்கள் கிடையாதும்மா."

பூட்டுக்காரி காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். அவர் ஒரு கனத்த அட்டவணைப் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நான் சொல்லல, நீங்களே பாருங்க. பகர வரிசை. பஞ்சம், படகு, பன்றி, பாலம், பீரங்கி, புகையிலை, பூகம்பம். அதுக்கு அடுத்து? பேய். பூகம்பத்துக்கும் பேய்க்கும் நடுவுல ஏதாவது இருக்கா?"

இல்லைதான்.

"மனைவின்னு கேளுங்க, நாற்பத்தோராயிரம் இருக்கு. மகள், விதவை எல்லாம் இருக்கு. சும்மா பெண்ணுன்னு யாரும் இருந்ததா எங்க கிட்ட ஆதாரம் இல்ல. புருஷன் பேரு என்ன?"

"தெரியாது சார். விட்டுட்டுப் போயிட்டாராம்."

"அப்பா பேரு?"

"அதுவும் தெரியாது. அவ தனியா நின்னு பிள்ளைங்கள வளர்த்தவ."

பரிசீலனை உச்சுக்கொட்டினார். "ஒருத்தர் தனியா நிக்கிறதுன்னா அதுக்கு ஒரு தலைப்பு வேணுமே. தலைப்பு இல்லாதவங்க எல்லாம் 'இதர'ல வருவாங்க. மூணாவது மாடி, பதினேழாம் நம்பர் அலமாரி. உரிமையாளர் இல்லாத மாடுகள், கரை ஒதுங்கின சாமான்கள், புத்தி பேதலிச்சவங்க, எல்லாம் அதுல."

"அதைப் பார்க்கலாமா சார்?"

"தாராளமா பார்க்கலாம். அலமாரியைப் பார்க்கலாம். திறக்க முடியாது. சாவி தொலைஞ்சு பதினோரு வருஷம் ஆகுது."

மூன்றாவது மாடியில் அந்த இரும்பு அலமாரி தூசி மூடி நின்றது. பூட்டைப் பார்த்ததும் பூட்டுக்காரிக்கு அந்த ஆபீஸில் முதல்முறையாகத் தெம்பு வந்தது. ரொம்பச் சாதாரண பூட்டு. தூக்கத்தில் திறந்துவிடுவாள்.

"சார், இது ரெண்டு நிமிஷ வேலை. நான் பூட்டுக்கடைதான் வெச்சிருக்கேன்."

பரிசீலனையின் முகம் சுண்டிப் போனது. "நீங்க பாட்டுக்குத் திறக்க முடியாதும்மா. இதுக்குன்னு சாவி மீட்புக் குழு இருக்கு. நான்தான் தலைவர். நாற்பத்திரண்டு கூட்டம் நடத்தியிருக்கோம். அங்கீகரிக்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்தான் கை வைக்கலாம்."

"அதுல என் பேரைச் சேர்த்துக்கோங்க."

"சேர்க்கலாம். அந்தப் பட்டியல் இந்த அலமாரிக்குள்ளதான் இருக்கு."

அவள் பூட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்பவர் போல் சொன்னார்: "உண்மையைச் சொல்லட்டுமா? திறக்காம இருக்கிறதாலதான் உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கு. பதினோரு வருஷத்துல இதுலேருந்து ஒரு தாள் தொலையல. திறந்திருக்கிற அலமாரியில தினமும் தொலையுது. மக்கள் வந்து பார்க்காம இருந்தா இந்த நாட்டுலேயே சிறந்த காப்பகம் எங்களுதுதான்."

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பூட்டுக்காரி வந்தாள். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குச் சாவி வெட்டத் தெரியாது என்பதை அந்த வட்டாரத்தில் பலர் தங்கள் வீட்டு வாசலில் நின்றபடி தெரிந்துகொண்டார்கள். அவள் வந்த நாட்களில் விண்ணப்பம் ஒருமுறை மையின் நிறத்துக்காகத் திரும்பியது. பேனாவை வாசலிலேயே பிடுங்கிவிட்டதால் பென்சிலில் எழுதினேன் என்றாள். பென்சிலில் எழுதியதால்தான் மையின் நிறம் சரியில்லை என்றார்கள். இன்னொருமுறை, நெட்டச்சிக்கு அடையாள அட்டை இல்லாததால் திரும்பியது. மூன்றாவது முறை ஏன் திரும்பியது என்பதே பரிசீலனையில் இருந்தது.

எண்பத்தோராம் நாள் சாவி மீட்புக் குழுவின் நாற்பத்து மூன்றாவது கூட்டம் அலமாரிக்கு முன்னாலேயே நடந்தது. மனுதாரர் என்ற முறையில் அவளை ஓரமாக நிற்க அனுமதித்தார்கள். பூட்டைத் திறப்பதற்கு முன், சாவித் துவாரம் பூட்டுக்குரிய மூலத் துவாரம்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும் என ஒரு உறுப்பினர் கிளப்பினார். ஒன்றரை மணி நேரம் ஓடியது. துணைக் குழு ஒன்றை அமைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அந்த மாடியைப் பெருக்கும் அம்மாள் ஒருத்தி விளக்குமாற்றோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். தூசி அக்கா என்று பெயர். அவள் எழுந்து வந்து அலமாரியை ஒரு தட்டு தட்டினாள்.

"திறந்துடு நீ."

"ஐயோ, திட்டுவாங்க அக்கா."

"என் குடை உள்ள மாட்டிக்கிட்டு பதினோரு மழைக்காலம் ஆச்சு. நான் யார் கிட்ட மனு போடுறது? திற சொல்றேன்."

வாசலில் கொண்டை ஊசியை ஆயுதமாகக் கருதியிருக்கவில்லை. பூட்டுக்காரி தலையிலிருந்து ஒன்றை உருவி, பல்லால் வளைத்து, துவாரத்துக்குள் விட்டாள். காதைப் பூட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பூட்டு மனசு வந்தது போல் வாயைத் திறந்தது.

முதலில் குடை விழுந்தது. தூசி அக்கா அதைக் குழந்தையைப் போல எடுத்துத் துடைத்தாள். குடைக்குப் பின்னால் கட்டுக்கட்டாகப் பதிவேடுகள். மாடுகள். சாமான்கள். அதற்கடுத்து ஒரு தடித்த புத்தகம். முதுகில் 'சிறைக் கைதிகள், பெண்கள் பகுதி' என்று இருந்தது.

பூட்டுக்காரி ஏதோ தோன்றி அதைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண்கள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு முழுப் பக்கம். பெயர், வயது, உயரம், எந்தக் கையில் தழும்பு, எத்தனை பிள்ளை, என்ன தொழில், என்ன சொன்னாள். கல்யாணப் பதிவேட்டிலும் வீட்டுப் பதிவேட்டிலும் இன்னாரின் மனைவி என்று நாலு எழுத்தில் முடித்துவிட்டவர்கள், பிடித்து உள்ளே போடும்போது மட்டும் ஆளை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நூற்றுப் பத்தாம் பக்கத்தில் நெட்டச்சி இருந்தாள்.

"என்ன போட்டிருக்கு? சத்தமா படி," என்றாள் தூசி அக்கா.

வயது முப்பத்திரண்டு. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தொழில், படகுத்துறையில் மூட்டை சுமத்தல். கணவன் எங்கே என்று கேட்டதற்கு, கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றாள். குற்றம், பஞ்ச நிவாரணப் பதிவேட்டால் அரசு எழுத்தரின் தலையில் மூன்று முறை அடித்தது. தண்டனை, இரண்டு வருஷம்.

அதன் கீழே வாக்குமூலம் இருந்தது. எழுதியவர் எவரோ, சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார். பஞ்சத்தில் தலைக்கு இவ்வளவு என்று தானியம் அளந்தார்கள். நெட்டச்சியின் வீட்டில் அவளும் இரண்டு பெண்களும் ஒரு பையனுமாக நாலு பேர். வீட்டுக்கு ஆண் தலை இல்லாததால் பையனை மட்டும் எண்ணி, 'நபர் ஒன்று' என்று எழுத்தர் எழுதிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் உன் முன்னால்தானே நிற்கிறோம் என்றிருக்கிறாள் நெட்டச்சி. நிற்பது தெரிகிறது, கட்டம் இல்லை என்றாராம் எழுத்தர். ஒரு பங்கை நாலாகப் பிரித்துப் பத்தொன்பது நாள் சாப்பிட்டார்கள். இருபதாம் நாள் சின்னப் பெண் இறந்தாள். வயது நாலு. அன்றைக்கே நெட்டச்சி ஆபீஸுக்கு நடந்து போனாள்.

செய்ததற்கு வருத்தம் உண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, புத்தகம் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம் என்றாள்.

தூசி அக்கா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். "அடிப்பாவி மகளே," என்றாள் மெதுவாக. திட்டவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த குழு, திறந்த அலமாரியைக் கண்டது. பரிசீலனைதான் முதலில் ஓடி வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? குழுவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பதவிக்காலம் இருக்கே!" மறுபடியும் பூட்டச் சொன்னார். பதிவேட்டை இயக்குநர் பார்க்காமல் பூட்ட மாட்டேன் என்று பூட்டுக்காரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆளை இழுத்து அப்புறப்படுத்த எந்த விதியில் இடம் இருக்கிறது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது. காலையில் இயக்குநரைப் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். சர்க்காரில் இருந்தாள் என்றால் ஜெயிலில் இருந்தாள் என்று அர்த்தம் என்பதைக் கேட்டு முதலில் சிரித்தாள். இரண்டு பெண்கள் என்றதும் சிரிப்பு நின்றது.

"ரெண்டா? என் பாட்டிக்கு ஒரு தம்பிதான்னு சொல்லுவாங்க. தங்கச்சி இருந்தான்னு ஒருநாள் கூட அவ வாயைத் திறந்து சொன்னதில்லையே."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சோறு போடுறதுக்கு முன்னாடி பாட்டி எங்களை எண்ணுவா. விரல் நீட்டி ஒவ்வொருத்தரா எண்ணுவா. எண்ணி முடிச்சிட்டு ஒண்ணு கூட்டிச் சொல்லுவா. கிழவிக்குக் கணக்கு வராதுன்னு நாங்க அத்தனை பேரும் சிரிப்போம்டி." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கோபமாக இருந்தாள். "போய் அவளை அங்கேருந்து எடுத்துட்டு வா. அந்த ஆபீஸ்காரனுங்க கையில விடாதே."

இயக்குநரின் அறையில் கம்பளம் விரித்திருந்தது. அவர் கோபப்படவே இல்லை. பதிவேட்டைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பூட்டுக்காரிக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"அற்புதம்," என்றார். "சர்க்கார் பதிவேட்டைத் தன் கையால எடுத்துப் பயன்படுத்தின முதல் பெண்மணி இந்த நெட்டச்சிதான்! மண்டபத்துல என்ன வைக்கிறதுன்னு தெரியாம நாங்க தவிச்சுக்கிட்டு இருந்தோம். கட்டிட வரைபடம் தயார், கண்ணாடிப் பெட்டி தயார், முன்னோர்தான் இல்ல. இப்போ வந்துட்டாங்க."

"சார், சான்று குடுத்தீங்கன்னா நான் அவங்கள எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"அதுல ரெண்டு சின்னச் சிக்கல். நீங்க விண்ணப்பத்துல அவங்கள முன்னோர்னு சொல்லியிருக்கீங்க. பதிவேட்டுல அவங்க கைதி. ரெண்டும் வேற வேற பிரிவு. கைதி முன்னோரா மாறணும்னா அந்தச் சிறைச்சாலையோட தடையில்லாச் சான்று வேணும். அந்தச் சிறையை இடிச்சாச்சு."

"யார் சார் இடிச்சாங்க?"

"நாங்கதான். இந்தக் கட்டிடம் அந்த இடத்துலதான் நிக்குது." சுவரைப் பெருமையோடு தட்டிக் காட்டினார். "அடித்தளம் கூட மாத்தல. அப்படியே உபயோகப்படுத்திக்கிட்டோம். ரெண்டாவது சிக்கல், இவ்வளவு முக்கியமானவங்கன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. அதனால அந்தக் கல்லறை இனிமே மரபுச் சின்னம். மரபுச் சின்னத்தை நகர்த்தக் கூடாது. அதைச் சுத்தித் தளம் போட்டு, மேல கண்ணாடி பதிச்சு, விளக்கு வெச்சுப் பாதுகாப்போம்."

"சாதாரண ஆளா இருந்தா எடுத்துட்டுப் போயிருக்கலாமா?"

"சாதாரண ஆளா இருந்தா ஆதாரம் இருந்திருக்காது. அப்போ இயந்திரம் வெச்சு அள்ளியிருப்போம்."

பூட்டுக்காரி பதிவேட்டின் மேல் விரலை வைத்தாள். "சார், அவங்க பொண்ணு செத்ததே சர்க்கார் எழுத்தர் ஒருத்தர் கட்டம் இல்லன்னு எண்ணாம விட்டதாலதான்."

"அவரை நாங்க மறப்போமா?" என்றார் இயக்குநர் உருக்கமாக. "கடமையில இருக்கும்போது தாக்கப்பட்ட முதல் ஊழியர் அவர். வாசல்லயே மார்பளவு சிலை வைக்கிறோம். பாருங்க, சாட்சிக்கு அவரோட பஞ்சப் பதிவேட்டுத் தாளை இங்கேயே ஒட்டியிருக்காங்க. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கார், நபர் ஒன்று. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இன்னைக்கு இருக்கிற எழுத்தர்கள் கிட்ட இந்த நேர்த்தி இல்லம்மா."

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். திறப்பு விழாவில் முன்வரிசையில் இடம் போட்டுத் தருவதாகச் சொன்னார். உறவு நிரூபணம் ஆகாததால், அழைப்பிதழில் 'வம்சாவளியாகக் கருதப்பட விரும்புபவர்' என்று அச்சிடுவோம், அதில் ஒன்றும் குறைவில்லை என்றார்.

பூட்டுக்காரி வெளியே வந்து செருப்பைப் போட்டாள். அழுகை வரவில்லை. கை மட்டும் எதையாவது திருக வேண்டும் போல் பரபரவென்று இருந்தது. நேராகக் கடைக்குப் போய்த் தம்பியிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.

பட்டப் பகலில்தான் போனார்கள். தொண்ணூறு நாள் முடியக் காத்திராமல் இடுகாட்டில் வேலை தொடங்கியிருந்தது. மண் வாரும் இயந்திரத்தின் டிரைவர் மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரி அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு அலுத்துப் போயிருந்தது, உண்மையைச் சொல்லவும் கொஞ்சம் அலுத்துத்தான் இருந்தது.

டிரைவர், சற்றுமுன் இயக்குநரிடமிருந்து வந்திருந்த உத்தரவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். "மேற்கு மூலையில மூணுக்கு ஆறு, ஆறடி ஆழம், ஓரம் நேரா வெட்டிச் சுத்தம் பண்ணணும்னு போட்டிருக்கு. கண்ணாடி பதிக்கவாம். மண்ணை எங்க கொட்டணும்னு இல்ல. மண்ணுல இருக்கிறதை என்ன பண்ணணும்னும் இல்ல." தாளை மடித்து வைத்தார். "உங்க வண்டியைப் பின்னாடி எடுங்க தம்பி."

மேல் மண்ணை இயந்திரம் எடுத்தது. கடைசி இரண்டடியை அவரே இறங்கி மண்வெட்டியால் மெதுவாக எடுத்தார். பலகை எல்லாம் மக்கிப் போயிருந்தது. எலும்புகள் இருந்தன. தொடை எலும்பைக் கையில் வாங்கிய டிரைவர் நீளத்தைப் பார்த்து, "ஆம்பளையா?" என்றார்.

"எங்க பாட்டி," என்றாள் பூட்டுக்காரி.

அம்மாவின் பழைய புடவையில் வைத்துக் கட்டினார்கள். கட்டியபோது பெரிதாக இல்லை. பூட்டுக்காரி அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரமானவள் இவ்வளவு லேசாக இருப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வீட்டில் நிறுத்தி அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, தம்பி வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஓட்டினான். பின்னால் கல் தடதடத்துக்கொண்டு வந்தது.

ஊருக்கு வெளியே புதிய இடுகாட்டில் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. கல் செதுக்குபவர் பழைய கல்லைத் துடைத்துப் பார்த்து, கீழே நிறைய இடம் இருக்கிறதே, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"சேர்க்கணும்," என்றாள் அம்மா. வண்டியிலிருந்து இறங்க முடியாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நபர் நாலுன்னு போடுங்க."

"உள்ள ஒருத்தர்தானேம்மா?"

"நான் சொல்றதை வெட்டுறியா, இல்ல நான் இறங்கி வரணுமா?"

அவர் வெட்டினார்.

தொண்ணூறாம் நாள் ஆகி, அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து மண்டபம் திறந்தது. கண்ணாடி பதிக்க வந்த ஒப்பந்தக்காரர், ஓரமெல்லாம் நேராக வெட்டிய ஆறடிக் குழி தயாராக இருப்பதைப் பார்த்து, ஆவணக் காப்பகத்தில் இப்படித் திட்டமிட்டு வேலை செய்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டு, அதன் மேல் கண்ணாடியைப் பதித்து, நாலு மூலையிலும் விளக்குப் போட்டுவிட்டுப் போனார். கல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பரிசீலனையில் இருந்திருக்கும்.

பூட்டுக்காரி விழாவுக்குப் போனாள். போகக் கூடாது என்றுதான் இருந்தாள். அம்மாதான், போய் ஒருதடவை பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல் என்று அனுப்பினாள். வாசலில் எழுத்தரின் சிலை தலையில் கட்டோடு நின்றது. மாலை போட்டிருந்தார்கள். உள்ளே பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து கண்ணாடிக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். ஒரு அம்மையார் கண்ணில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டார். பரிசீலனை ஓரத்தில் நின்று, யாரும் கண்ணாடியை மிதிக்காமல் பார்த்துக்கொண்டார். மரபுச் சின்னப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

தூசி அக்கா பின்னால் வந்து அவள் தோளைத் தொட்டாள். கையில் குடை இருந்தது. "உன் பாட்டியை இப்படி விளக்குப் போட்டு வெச்சிருக்காங்களே, உனக்குச் சம்மதமா?" என்றாள்.

பூட்டுக்காரி அவள் காதில் நாலு வார்த்தை சொன்னாள். தூசி அக்காவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, நினைவு மண்டபத்தின் தூண் ஒன்றுக்குப் பின்னால் போய் மறைந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்து வழி விட்டார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். எவரையும் மறக்காத நிறுவனம் இது என்றார். ஒரு ஏழைப் பெண்ணைக்கூட ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தேடிக் கண்டெடுத்திருக்கிறோம் என்றார். கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"ஐம்பது வருஷமாக இந்தக் காப்பகத்தில் நீங்கள் எல்லாம் என்னதான் செய்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் பேச்சால் பதில் சொல்லப் போவதில்லை. எங்களுடைய மொத்த உழைப்பும் இதோ, இந்தக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. எல்லோரும் ஒருமுறை குனிந்து உள்ளே பாருங்கள்."

எல்லோரும் குனிந்தார்கள். பூட்டுக்காரியும் குனிந்து பார்த்தாள். நல்ல வெளிச்சம். ஓரமெல்லாம் நேர்த்தியாக இருந்தது.